வட கொரியாவின் ரேஷன்: சோறு எப்படி ஒரு பூட்டு ஆனது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

சர்வாதிகாரம் பற்றி இங்கே எப்போது பேசினாலும் ஒரு கேள்வி கண்டிப்பாக வந்துவிடும்: "அத்தனை கோடிப் பேர் இருக்காங்க, ஏன் ஒருத்தரும் எதிர்த்து நிக்கல?" உளவுத்துறை, சிறை முகாம், துப்பாக்கி எல்லாம் பதிலில் ஒரு பகுதிதான். ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாலும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. அதைவிடச் செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது: நாளைக்குக் காலையில் உங்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகும் என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது.

இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம். இதைக் கிட்டத்தட்ட நாற்பது வருடம் முழுமையாக ஓட்டிக் காட்டிய நாடு வட கொரியா. அந்த அமைப்பு எப்படி வேலை செய்தது, உடைந்தபோது யார் செத்தார்கள், உடைந்ததை அரசு ஏன் திரும்பத் திரும்ப ஒட்டப் பார்த்தது என்று வரிசையாகப் போகலாம். நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். அதனால் ஒரு சிஸ்டத்தைப் பார்த்தால் "இதில் யாருக்கு என்ன அனுமதி, அதை யார் மாற்ற முடியும்" என்றுதான் முதலில் யோசிப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்.

ரேஷன் என்றால் நம்ம ரேஷன் இல்லை

ரேஷன் என்றதும் நமக்குத் தெரு முனைக் கடை, ஸ்மார்ட் கார்டு, கைரேகை வைக்கும் மெஷின் ஞாபகம் வரும். அங்கேயும் அதற்குப் பெயர் பொது விநியோகத் திட்டம்தான். கொரிய மொழியில் பேகுப் என்பார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே ரேஷன் கடைக்காரர் "சரக்கு வரல, நாளைக்கு வாங்க" என்றால், திட்டிக்கொண்டே எதிரில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போவோம். காசு கூட ஆகும், ஆனால் அரிசி கிடைக்கும்.

வட கொரியாவில் 1957-ம் ஆண்டு முடிவில் அந்த எதிர்க் கடையைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். தானியத்தைத் தனியார் வாங்குவதும் விற்பதும் குற்றம் ஆனது. உழவர் சந்தை இருந்தது, காய்கறி விற்கலாம், அரிசியும் மக்காச்சோளமும் விற்கக் கூடாது. அடுத்த வருடத்துக்குள் விவசாய நிலம் முழுக்கக் கூட்டுப் பண்ணைகளாகிவிட்டது. விளைவிக்கிறவர் அரசுக்குக் கொடுக்க வேண்டும், சாப்பிடுகிறவர் அரசிடம் வாங்க வேண்டும். நடுவில் வேறு பாதை கிடையாது.

இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்க. ரேஷன் கொடுப்பதால் மட்டும் கட்டுப்பாடு வந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் ரேஷன் கொடுத்தது, அது சர்வாதிகாரமாக ஆகவில்லை. ரேஷனைத் தவிர்த்துச் சாப்பிட வழியே இல்லை என்ற நிலையை உருவாக்கும்போதுதான் கட்டுப்பாடு வருகிறது.

யாருக்கு எத்தனை கிராம்

நகரவாசிகளுக்கு மாதம் இரண்டு முறை, அதாவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை தானியம் வழங்கப்பட்டது. அளவு ஆளுக்கு ஆள் மாறும். சுரங்கம் மாதிரிக் கடின வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்கு 900 கிராம். சாதாரணத் தொழிலாளிக்கு 700 கிராம். வேலைக்குப் போகாத இல்லத்தரசிக்கும் வயதானவருக்கும் சுமார் 300 கிராம். குழந்தைகளுக்கு வயதைப் பொறுத்து 100 கிராமிலிருந்து மேலே போகும்.

விலை? கிட்டத்தட்ட சும்மா. ஒரு கிலோ அரிசி 0.08 வோன். 2002 வரைக்கும் அதுதான் விலை. கேட்பதற்கு மக்கள் நல அரசு மாதிரி இருக்கும். ஆனால் விலை இல்லை என்றால் காசுக்கும் மதிப்பு இல்லை. நீங்கள் எவ்வளவு சேமித்து வைத்திருந்தாலும் அதைக் கொண்டு ஒரு பிடி அரிசி கூடுதலாக வாங்க முடியாது. பணம் ஓரளவு சுதந்திரம் கொடுக்கும். யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு முடிவு எடுக்க வைக்கும். அந்த அமைப்பில் பணத்தின் இடத்தைத் தகுதி பிடித்துக்கொண்டது. தகுதியை அரசுதான் கொடுக்கும்.

கிராம் கணக்கோடு இன்னொரு கணக்கும் இருந்தது: அதில் எவ்வளவு அரிசி, எவ்வளவு மக்காச்சோளம்? தலைநகர் பியோங்யாங்கில் சாதாரணத் தொழிலாளிக்குப் பத்தில் ஆறு பங்கு அரிசி. மாகாணங்களில் அதே வேலை செய்பவருக்குப் பத்தில் மூன்று பங்குதான் அரிசி, மீதி மக்காச்சோளம். மூத்த அதிகாரிக்கு முழுக்க அரிசி. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாலே அந்த வீட்டுக்காரர் அரசின் கண்ணில் எந்தப் படியில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

அரிசியோடு கட்டப்பட்ட மூன்று கயிறுகள்

முதல் கயிறு, வேலை. ரேஷன் சீட்டு உங்கள் கைக்கு வருவது வேலை செய்யும் இடத்தின் வழியாக. வேலைக்கு வராத நாளுக்குச் சீட்டு குறையும். எந்த வேலை என்பதையும் நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அரசு ஒதுக்கும். மேலதிகாரியோடு சண்டை போட்டு ராஜினாமா செய்வது என்ற பேச்சே இல்லை. வேலையை விட்டால் சம்பளம் மட்டுமா போகும்? வீட்டில் இருக்கும் குழந்தையின் பங்கும் அந்தக் குடும்பத்தின் பதிவோடு சேர்ந்தேதான் இருக்கிறது.

இரண்டாவது கயிறு, இடம். உங்கள் பெயர் எந்த ஊர் விநியோக மையத்தில் பதிவாகி இருக்கிறதோ அங்கேதான் தானியம். வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் பயண அனுமதிச் சீட்டு வேண்டும். அனுமதி கிடைத்தாலும் வழியில் சாப்பிட வேண்டுமே? அதற்கு உங்கள் பங்கிலிருந்து கழித்துக்கொண்டு பயண உணவுச் சீட்டு கொடுப்பார்கள். உறவினர் வீட்டில் இரவு தங்கினால் அங்கேயுள்ள அக்கம்பக்கத்துக் குழுவில் பதிவு செய்ய வேண்டும். இந்தக் குழுவுக்கு இன்மின்பான் என்று பெயர், இருபது முதல் நாற்பது வீடுகளுக்கு ஒன்று. அனுமதி இல்லாமல் ஊரைவிட்டு ஓடினால் என்ன ஆகும்? யாரும் துரத்த வேண்டியதே இல்லை. நாலு நாளில் பசித்துத் திரும்பி வருவீர்கள்.

மூன்றாவது கயிறு, பிறப்பு. சோங்பூன் என்ற பெயரில் வட கொரியா தன் மக்கள் எல்லோரையும் வகை பிரித்து வைத்திருக்கிறது. 1945-க்கு முன்னால் உங்கள் தாத்தா என்ன வேலை செய்தார், கொரியப் போரில் எந்தப் பக்கம் நின்றார் என்பதை வைத்து விசுவாசிகள், ஊசலாடுபவர்கள், பகைவர்கள் என்று மூன்று பெரிய வகுப்புகள். அதற்குள் 51 உட்பிரிவுகள். ரேஷன் அட்டவணையில் "பகைவர் வகுப்புக்குக் குறைவு" என்று எங்கும் எழுதியிருக்காது. ஆனால் நல்ல வேலை யாருக்கு, பியோங்யாங்கில் வசிக்க அனுமதி யாருக்கு, வடகிழக்கு மலைப்பகுதிச் சுரங்கத்துக்கு யார் என்பதையெல்லாம் சோங்பூன் முடிவு செய்தது. வேலையும் ஊரும் முடிவானால் கிராமும் முடிவானது போலத்தான்.

என் வேலை பாஷையில் சொன்னால், உணவு, வேலை, வீடு, பயணம் எல்லாவற்றுக்கும் ஒரே லாகின். அந்த ஒரு கணக்கை முடக்கினால் எல்லாமே முடங்கும். அட்மின் யார் என்று உங்களுக்குத் தெரியாது, புகார் எண் கிடையாது.

இதில் எனக்கு ரொம்ப உறைத்த விஷயம், மிரட்டல் என்ற ஒன்றே தேவைப்படவில்லை என்பது. "அரசியல் பேசினால் சோறு கிடையாது" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒருவர் வாய் தவறினால் மொத்த வீடும் பட்டினி கிடக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது முதல் காவல்காரர் அம்மாவாகத்தான் இருப்பார். "சும்மா இருடா" என்று அவரே வாயைப் பொத்துவார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த கிராம்

இந்த அமைப்பு 1990-களில் திடீரென்று விழுந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் இருபது வருடமாகவே சுருங்கிக்கொண்டிருந்தது. 1973-ல் போர்க்கால இருப்புக்கு என்று சொல்லி மாதத்துக்கு நான்கு நாள் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். 1987-ல் இன்னொரு 10 சதவீதம் வெட்டு. கணக்குப் போட்டால் காகிதத்தில் 700 கிராம் என்று இருந்தது கைக்கு வரும்போது சுமார் 546 கிராம். 1991-ல் "ஒரு நாளைக்கு இரண்டு வேளை மட்டும் சாப்பிடுவோம்" என்று அரசே பிரசாரம் செய்தது. அதை ஆரோக்கியம் மாதிரியும் தேசபக்தி மாதிரியும் விற்றார்கள்.

பின்னணி என்ன? நாட்டில் பெரும்பகுதி மலை. இருக்கிற நிலத்தில் விளைச்சலை இழுக்க ரசாயன உரமும், நீர் இறைக்க மின்சாரமும் வேண்டும். அதற்கான எண்ணெயும் உதிரிப் பாகமும் சோவியத் யூனியனிடமிருந்து சலுகை விலையில் வந்தன. 1991-ல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. சீனாவும் 1993 வாக்கில் "டாலர் கொடுத்தால் தானியம்" என்றது. உரத் தொழிற்சாலை நின்றது, பம்பு நின்றது, விளைச்சல் விழுந்தது. 1994 ஜூலையில் கிம் இல் சுங் இறந்தார், மகன் கிம் ஜாங் இல் கைக்கு அதிகாரம் வந்தது. 1995-ல் பெரு வெள்ளம். அரசு உலகத்திடம் உதவி கேட்டபோது எல்லாப் பழியையும் அந்த வெள்ளத்தின் மேல் போட்டது. ஆனால் வெள்ளம் வருவதற்கு முன்பே பல ஊர்களில் விநியோகம் நின்றுபோயிருந்தது.

பற்றாக்குறை வந்தால் யாரை வெட்டுவது?

ஒரு சிஸ்டத்தின் உண்மையான நோக்கம் எல்லாம் நன்றாக இருக்கும்போது தெரியாது. பற்றாக்குறை வரும்போது எதைக் காப்பாற்றுகிறது, எதைக் கைவிடுகிறது என்பதில்தான் தெரியும்.

1994 வாக்கில் வடகிழக்கு மாகாணங்களுக்குத் தானியம் போவது பெரும்பாலும் நின்றது. வடக்கு ஹம்கியோங், தெற்கு ஹம்கியோங், ரியாங்காங் ஆகிய பகுதிகள்தான் முதலில் அடி வாங்கின. மலைப் பகுதி, தொழிற்சாலை நகரங்கள், சொந்தமாக விளைச்சல் குறைவு, ரேஷனையே முழுக்க நம்பி இருந்த ஜனங்கள். சோங்பூனில் கீழே இருந்த குடும்பங்கள் பல தலைமுறையாகத் தள்ளப்பட்டதும் இந்தப் பக்கம்தான். பியோங்யாங்குக்கும் ராணுவத்துக்கும் முன்னுரிமை தொடர்ந்தது.

கூட்டுப் பண்ணை விவசாயிகளுக்கு அறுவடை முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை பங்கு கொடுப்பார்கள். ஆளுக்கு 167 கிலோவாக இருந்ததை 107 கிலோவாகக் குறைத்தார்கள். விவசாயி என்ன செய்வார்? கதிர் முற்றும் முன்பே திருட்டுத்தனமாக அறுத்து ஒளித்து வைத்தார். நகரத்துக்கு வர வேண்டியது இன்னும் குறைந்தது. அரசு வயலுக்குக் காவல் போட்டது. தானியம் திருடியவர்களைப் பொது இடத்தில் சுட்டுக் கொன்றதைத் தப்பி வந்தவர்கள் பலர் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

1990-களின் அந்தப் பஞ்சத்தை அரசு "கடினப் பயணம்" என்று அழைத்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் கணிப்புகள் வேறுபடுகின்றன. இரண்டரை லட்சத்துக்கும் கீழே சொல்பவர்கள் உண்டு, முப்பது லட்சத்துக்கு மேல் சொல்பவர்களும் உண்டு. ஸ்டீபன் ஹகார்ட், மார்கஸ் நோலண்ட் என்ற இரு ஆய்வாளர்களின் கணிப்பு 6 லட்சம் முதல் 10 லட்சம் வரை, அதாவது மொத்த மக்கள்தொகையில் 3 முதல் 5 சதவீதம். பெற்றோரை இழந்து ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் சுற்றிய பிள்ளைகளுக்கு ஒரு பெயர் வந்தது: கோட்ஜெபி. தமிழில் சொன்னால் பூத்தகைவிலான் என்கிற மாதிரி, இரை தேடி அலையும் ஒரு சின்னக் குருவியின் பெயர்.

இங்கே இன்னொரு விஷயம். முதலில் செத்தவர்களில் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் நிறையப் பேர் என்று தப்பி வந்தவர்கள் சொல்கிறார்கள். ரேஷன் வரும் என்று நம்பி வேலைக்குப் போய்க்கொண்டே இருந்த ஆசிரியர், ஆலைத் தொழிலாளி, குமாஸ்தா. விதியை மீறி விற்கவும் வாங்கவும் ஊர் சுற்றவும் துணிந்தவர்களுக்குப் பிழைக்க வாய்ப்பு அதிகமாக இருந்தது.

உதவி வந்தது, ஆனால் எந்தக் கை வழியாக?

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 1995-ல் உள்ளே வந்தது. மூட்டை மூட்டையாகத் தானியம் வந்தது. அது மக்களிடம் போக வேண்டிய பாதை எது? அதே விநியோக அமைப்புதான். உள்ளே வந்த ஊழியர்கள் கொரிய மொழி தெரிந்தவர்களாக இருக்கக் கூடாது என்று பல வருடம் நிபந்தனை இருந்தது. நேரில் பார்க்கப் போவதற்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். பல டஜன் மாவட்டங்களுக்கு அனுமதியே இல்லை. உதவி மிகவும் தேவைப்படுகிறவர்களிடம் போய்ச் சேரவில்லை என்று சொல்லி 1998-ல் "எல்லைகளற்ற மருத்துவர்கள்" அமைப்பு வெளியேறியது.

வெளிநாட்டு உதவி வந்த பிறகு, அரசு சொந்தக் காசில் தானியம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டது. 1999-ல் கஜகஸ்தானிடமிருந்து சுமார் 40 பழைய மிக்-21 போர் விமானங்கள் வாங்கப்பட்டன. பின்னாளில் அகதிகளிடம் எடுத்த ஆய்வுகளில், வெளிநாட்டு உதவி வந்ததே தெரியாது என்று சொன்னவர்கள் கணிசமாக இருந்தார்கள்.

2014-ல் மைக்கேல் கிர்பி தலைமையிலான ஐ.நா. விசாரணை ஆணையம் இதையெல்லாம் ஆராய்ந்தது. 80-க்கும் மேற்பட்டோர் வெளிப்படையாகச் சாட்சி சொன்னார்கள். உணவை மக்களைக் கட்டுப்படுத்தும் கருவியாக அரசு பயன்படுத்தியது என்றும், தெரிந்தே நீண்ட பட்டினியை உண்டாக்கியது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றும் ஆணையம் முடிவுக்கு வந்தது.

தலைவருக்கு எது பயமாக இருந்தது?

"இது வெறும் திறமையின்மையாக இருக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திறமையின்மை இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் நோக்கத்தைக் காட்டும் ஒரு சான்று இருக்கிறது. 1996 டிசம்பரில் கிம் ஜாங் இல் கிம் இல் சுங் பல்கலைக்கழகத்தில் உள்வட்டத்துக்கு மட்டும் பேசிய பேச்சு ஒன்று, அடுத்த வருடம் தென் கொரியப் பத்திரிகையில் வெளியானது. பஞ்சம் உச்சத்தில் இருந்த நேரம். அதில் அவர் கவலைப்படும் விஷயம் என்ன தெரியுமா? உணவுப் பிரச்சினையை மக்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் சந்தையும் வியாபாரிகளும்தான் பெருகுவார்கள், சுயநலம் வளரும், கட்சி தன் அடித்தளத்தையே இழக்கும் என்பது சாரம்.

அதாவது, மக்கள் தாங்களாகவே சாப்பாடு தேடிக்கொள்வதையே ஆபத்தாகப் பார்த்தார். ஊர் ஊராக இரை தேடி அலைந்தவர்களைப் பிடித்து அடைக்க முகாம்கள் அமைக்கப்பட்டன. உத்தரவு வந்த தேதியை வைத்து மக்கள் அவற்றுக்கு "9.27" என்றே பெயர் வைத்தார்கள், செப்டம்பர் 27.

ஜாங்மடாங்: பூட்டு உடைந்த இடம்

ஆனாலும் சந்தை வந்தது. ஜாங்மடாங் என்பார்கள். பாத்திரம், துணி, காட்டு மூலிகை, பிறகு சீனாவிலிருந்து வந்த பொருட்கள், கடைசியில் அரிசி என்று எல்லாமே விற்பனைக்கு வந்தன. யாரும் திட்டம் போட்டுத் தொடங்கிய புரட்சி இல்லை, பசி தொடங்கியது.

இதை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள், முக்கியமாகக் கல்யாணமானவர்கள். காரணம் பழைய அமைப்பிலேயே இருக்கிறது. ஆண்கள் ரேஷன் வந்தாலும் வராவிட்டாலும் தொழிற்சாலைக்குப் போய் வருகைப் பதிவு போட்டாக வேண்டும். கல்யாணமான பெண் இல்லத்தரசியாகப் பதிவு செய்துகொள்ளலாம். 300 கிராம்தான் கிடைக்கும் என்று அமைப்பு மதிப்புக் குறைவாக வைத்திருந்த அதே ஆட்கள், வீட்டுக்குச் சோறு கொண்டுவருகிறவர்கள் ஆனார்கள். ஆண்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஆலைக்கு மாதம் ஒரு தொகை கட்டிவிட்டு வேலைக்கு வராமல் வியாபாரம் பார்ப்பது. அதற்கு "ஆகஸ்ட் 3" பணம் என்று பெயர். 1984 ஆகஸ்ட் 3-ல் வந்த ஒரு பொருளாதார உத்தரவின் பெயரையே இதற்கு ஒட்டிவிட்டார்கள்.

2002 ஜூலையில் அரசு நிலவரத்தை ஓரளவு ஒப்புக்கொண்டது. ரேஷன் அரிசி விலை 0.08 வோனிலிருந்து 44 வோன் ஆனது, 550 மடங்கு. சந்தை விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் கொஞ்சம் மூச்சு வந்ததும் அரசு என்ன செய்தது என்று பாருங்க. 2005 அக்டோபரில் தானியத்தைத் தனியாரிடம் விற்பதற்கு மறுபடியும் தடை, பழைய விநியோகம் திரும்ப வருகிறது என்று அறிவிப்பு. கூடவே உலக உணவுத் திட்டத்தின் அவசர உதவி போதும் என்று சொன்னது. கொடுக்கச் சரக்கு இல்லாததால் அது நிற்கவில்லை. 2007-ல் 50 வயதுக்குக் குறைந்த பெண்கள் சந்தையில் விற்கக் கூடாது என்று உத்தரவு. 2009 நவம்பர் 30 அன்று பெரிய அடி: பழைய 100 வோனுக்குப் புதிய 1 வோன், அதுவும் ஒரு குடும்பம் முதலில் மாற்றக்கூடியது 1,00,000 பழைய வோன் மட்டும். வெளிச்சந்தைக் கணக்கில் சுமார் 30-40 டாலர். அதற்கு மேல் சேர்த்து வைத்த எல்லாம் காகிதம்.

நமக்கும் நோட்டு செல்லாமல் போன ஒரு இரவு தெரியும், அதனால் அந்தப் பதற்றம் புரியும். அங்கே குறி யார்? சந்தையில் நின்று, அரசின் கையை எதிர்பார்க்காமல் கொஞ்சம் சேர்த்த அந்தப் பெண்கள். இதில் ஆச்சரியம், வட கொரியாவில் அரிதாகக் கேட்கும் முணுமுணுப்பு அப்போது வெளிப்படையாகக் கேட்டது. சில வாரங்களில் அரசு பின்வாங்கியது, 2010-ல் சந்தைகள் மறுபடி திறந்தன. அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாக்கப்பட்ட கட்சி நிதித் துறைத் தலைவர் பாக் நம் கி சுட்டுக் கொல்லப்பட்டதாகத் தென் கொரிய ஊடகங்கள் செய்தி வெளியிட்டன.

2020 ஜனவரியில் கொரோனாவுக்காக எல்லையை மூடிய பிறகு கதை மறுபடி முதல் பக்கத்துக்குப் போகிறது. அரசுத் தானியக் கடைகள் வந்தன, சந்தையில் தானியம் விற்பதை நெருக்குகிறார்கள் என்று செய்திகள் வருகின்றன.

வேறு ஊர், அதே கணக்கு

இது ஏதோ ஒரு விசித்திர நாட்டின் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. சுருக்கமாக இரண்டு உதாரணம்.

ருமேனியா. சௌசெஸ்கு வெளிநாட்டுக் கடனை அடைக்க உணவை ஏற்றுமதி செய்தார். 1981 அக்டோபரில் ஒரு ஆணை வந்தது: ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத் தேவைக்கு மேல் எண்ணெய், சர்க்கரை, மாவு, அரிசி, காபி வாங்கி வைத்தால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை. கவனிங்க, பற்றாக்குறையை உண்டாக்கியது அரசு, குற்றவாளி ஆனது சமையலறை.

வெனிசுவேலா. 2016-ல் மானிய விலை உணவுப் பெட்டித் திட்டம் வந்தது, விநியோகம் ஆளுங்கட்சிக்கு நெருக்கமான உள்ளூர்க் குழுக்கள் கையில். 2017-ல் "தாயக அட்டை" என்று க்யூஆர் கோடு வைத்த அடையாள அட்டை வந்தது. அதன் தரவுத்தளத்தை அமைக்க உதவியது சீனாவின் இசட்டிஇ நிறுவனம். 2018 மே மாத அதிபர் தேர்தலில் வாக்குச்சாவடிகளுக்குப் பக்கத்தில் சிவப்புக் கூடாரங்கள் இருந்தன. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து அட்டையை ஸ்கேன் செய்யுங்கள் என்றார்கள். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதற்குத் தெரியும் என்று உணவுப் பெட்டிக்குக் காத்திருப்பவர் சந்தேகப்பட்டால் போதும்.

இந்த இடத்தில்தான் என் மாதிரி ஆட்கள் வருகிறோம். பேகுப்புக்குக் காகிதச் சீட்டும் ஏராளமான குமாஸ்தாக்களும் தேவைப்பட்டார்கள். இன்றைக்கு அதே வேலையை ஒரு டேபிளில் ஒரு காலத்தைச் சேர்த்து முடிக்கலாம். அதை எழுதுகிறவர் ஒரு டிக்கெட்டை மூடிவிட்டுச் சாயங்காலம் டீ குடிக்கப் போய்விடுவார், அது யாருடைய தட்டைக் காலி செய்யும் என்று தெரியாமலே.

கேட்க வேண்டிய மூன்று கேள்வி

அப்போ ரேஷனே கெட்டதா? இல்லவே இல்லை. பசியிலிருந்து கோடிக்கணக்கான பேரைக் காப்பாற்றுவதும் ரேஷன்தான். ஆனால் எந்த நாட்டில் எந்த விநியோகத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன்.

ஒன்று, இதை விட்டால் வேறு கடை உண்டா? இரண்டு, யாருக்கு எவ்வளவு என்ற விதி எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது ஒருவர் தலையில் மட்டும் இருக்கிறதா? மூன்று, என் பெயரை நீக்கினால் நான் போய் நிற்க ஒரு நீதிமன்றமோ, எழுத ஒரு பத்திரிகையோ, தோற்கடிக்க ஒரு எம்.எல்.ஏ.வோ இருக்கிறாரா?

சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் ஒழுங்காக இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்தியா சென் சொன்னது இந்த மூன்றாவது கேள்வியைத்தான் தொடுகிறது. வட கொரியாவில் மூன்றுக்குமே பதில் "இல்லை". 1990-களில் முதல் பதிலை மட்டும் மக்கள் தாங்களாகவே, உயிரைப் பணயம் வைத்து மாற்றினார்கள். மற்ற இரண்டும் இன்னும் மாறவில்லை. அதனால்தான் அந்த முதல் பதிலை அரசு திரும்பத் திரும்பப் பிடுங்கப் பார்க்கிறது.

ஆக, ஆரம்பத்தில் சொன்ன "ஏன் எதிர்த்து நிக்கல" என்ற கேள்வியை இனி யாராவது கேட்டால், பதினைந்து நாள் சாப்பாடு யார் கையில் இருந்தது என்று முதலில் கேளுங்க.

அடுத்த எபிசோடில் சோங்பூன் பற்றி மட்டும் தனியாகப் பேசலாம் என்று இருக்கேன். தாத்தா செய்த வேலை பேரனின் கல்யாணம் வரைக்கும் எப்படி வந்து நிற்கிறது என்பது ஒரு பெரிய கதை. கேள்வி இருந்தால் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பார்க்கலாம் மக்களே.